மருந்துக்குச் சோறு வேண்டும்

காசநோய் மருந்து ஆராய்ச்சி ஏறக்குறைய நாற்பது வருடம் அசையாமல் கிடந்தது. ரிஃபாம்பிசின் கண்டுபிடிக்கப்பட்டது 1960களில். அதற்கப்புறம் டிபிக்கென்றே முற்றிலும் புதிய வகையில் ஒரு மருந்து உருவாகி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியைப் பெற 2012 டிசம்பர் ஆகிவிட்டது. இத்தனைக்கும் இது எங்கோ யாருக்கோ வரும் அரிய நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் மட்டும் 1 கோடியே 8 லட்சம் பேருக்கு டிபி வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். பணக்கார நாடுகளில் குறைந்துவிட்ட நோய் என்பதால் மருந்து தேட யாருக்கும் அவசரமில்லாமல் போனது.

கடந்த சில வருடங்களில் நிலைமை வேகமாக மாறியிருக்கிறது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத டிபிக்கு இரண்டு வருடம் இழுத்த சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கிவிட்டது. அதே காலத்தில், 2023இல், ஜார்க்கண்டிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. அதில் புதிய மாத்திரை எதுவும் இல்லை. அரிசியும் பருப்பும் இருந்தன. முதல் செய்தி பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. இரண்டாவது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இரண்டையும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று நான் ஏன் நினைக்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எங்கள் பெரியப்பா அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டியவர். அவருக்கு டிபி வந்து, வழக்கமான மாத்திரைகளைப் பல மாதம் சாப்பிட்டும் சளியில் கிருமி போகவில்லை. அப்புறம்தான் எம்டிஆர் டிபி, அதாவது முக்கியமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத டிபி, என்று தெரிந்தது. அந்தக் காலத்துச் சிகிச்சையில் முதல் சில மாதங்களுக்குக் கனமைசின் ஊசி. காலையில் இடுப்பில் ஊசி, பிறகு கை நிறைய மாத்திரை, பிறகு வாந்தி. கொஞ்ச நாளில் காதுக்குள் 'ஙொய்' என்று சத்தம் கேட்பதாகச் சொல்ல ஆரம்பித்தார். தறி ஓட்டுகிறவருக்குக் காது அப்படித்தான் இருக்கும் என்று ஊசி போட்ட இடத்தில் சொல்லிவிட்டார்கள். சிகிச்சைக்கு முன்னால் யாரும் காதைப் பரிசோதித்து வைக்கவில்லை என்பதால், போனது தறியாலா ஊசியாலா என்று கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை. நோய் குணமானது, காது திரும்பவில்லை.

ஆனால் அந்த வீட்டில் எனக்கு மறக்காமல் நிற்பது வேறு ஒன்று. சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சல் விட்டது, பசி எடுக்க ஆரம்பித்தது. தறிக்குப் போக முடியாததால் வாரக் கூலி இல்லை. மாத்திரை கொடுக்க வந்த தம்பி, "ஏன் பெரியவரே, ரெண்டு நாளா மாத்திரை அப்படியே இருக்கு?" என்று கேட்டார். பெரியப்பா சொன்னார்: "மாத்திரை போட்டா பசிக்குதுப்பா. பசிச்சா என்னத்தத் திங்க?" பெரியம்மா அடுப்படியிலிருந்து, "ஊசிக்கு அவரு பயப்படல தம்பி, பசிக்குத்தான் பயப்படுறாரு" என்றார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. டிபி நோயாளிகளோடு வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இதே பேச்சைக் கேட்டதாகச் சொல்வார்கள். நோய் தணியும்போது பசி வருவது நல்ல அறிகுறி. அந்த நல்ல அறிகுறியே ஒருவரை மாத்திரையை ஒதுக்க வைக்கிறது.

சரி, மருந்துக்கு வருவோம்.

2012இல் அனுமதி பெற்ற அந்தப் புதிய மருந்தின் பெயர் பெடாகுவிலின். அதைக் கண்டுபிடித்தது பெல்ஜியத்தில் ஜான்சன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். குழுவை நடத்தியவர் கோயன் ஆண்ட்ரீஸ். டிபி கிருமி மிக மெதுவாக வளரும், ஆபத்தானதும்கூட. அதனால் அவர்கள் அதன் சாதுவான உறவுக்காரக் கிருமியான மைகோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ் என்பதை வைத்து ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களைச் சோதித்தார்கள். டைஅரைல்குவினோலின் என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள் அந்தக் கிருமியைத் தடுத்தது. எப்படித் தடுக்கிறது என்பது அப்போது தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அவர்கள் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. மருந்துக்குத் தப்பிப் பிழைத்த கிருமிகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் மரபணுத் தொகுதியைப் படித்து, சாகிற கிருமியோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் ஒரே மரபணுவில் இருந்தது. ஏடிபி சிந்தேஸ் என்ற புரதத்தின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு அது. தப்பித்த கிருமியே தன்னை எங்கே தாக்குகிறார்கள் என்று காட்டிக்கொடுத்துவிட்டது. இந்த ஆய்வு 2005இல் சயின்ஸ் இதழில் வந்தது.

ஏடிபி சிந்தேஸ்தான் உயிரணுவுக்கு ஆற்றல் தயாரிக்கும் எந்திரம். உண்மையிலேயே சுழல்கிற எந்திரம்: புரோட்டான்கள் சவ்வின் வழியே உள்ளே வரும்போது ஒரு வளையம் சுற்றுகிறது, அந்தச் சுற்றில் உயிரணு செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகிறது. பெடாகுவிலின் அந்த வளையத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கரண்ட் போன தறிக்கூடம் மாதிரிக் கிருமி மெல்ல நின்றுபோகிறது. உடனே சாவதில்லை, கையிருப்பு ஆற்றல் தீர வேண்டும். அதனால்தான் இந்த மருந்தின் வேலை முதல் சில நாட்களில் பெரிதாகத் தெரியாது, பிறகு தெரியும். நம் உடலிலும் இதே எந்திரம் இருக்கிறதே, நமக்கு என்ன ஆகும் என்று கேட்கலாம். நம்முடையதைத் தடுக்க இந்த மருந்து 20,000 மடங்குக்கு மேல் தேவைப்படுகிறது என்று பின்னால் நடந்த ஆய்வில் தெரிந்தது. அந்த இடைவெளியில்தான் இந்த மருந்து நிற்கிறது.

இரண்டாவது மருந்து பிரிட்டோமனிட். லாப நோக்கமில்லாத டிபி அலையன்ஸ் என்ற அமைப்பு வளர்த்தெடுத்து 2019 ஆகஸ்டில் அமெரிக்க அனுமதி வாங்கியது. மூன்றாவது, ஏற்கனவே வேறு தொற்றுகளுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த லினசோலிட். இந்த மூன்றையும் சேர்த்துத் தென்னாப்பிரிக்காவில் நிக்ஸ்-டிபி என்ற ஆய்வு நடந்தது. அதில் 109 பேர். எல்லோரும் மற்ற மருந்துகள் கைவிட்ட நிலையில் வந்தவர்கள். முன்பு இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்ததில்லை. ஆறு மாதச் சிகிச்சையில் 90 சதவீதம் பேருக்கு நல்ல பலன். 2020இல் இந்த முடிவைப் படித்தபோது எண்ணைச் சரியாகத்தான் பார்க்கிறேனா என்று மறுபடி மேலே போய்ப் பார்த்தேன்.

பக்கவிளைவு இல்லாமல் இல்லை. அந்த ஆய்வில் லினசோலிட் ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கொடுத்தார்கள். 81 சதவீதம் பேருக்குக் கை கால் மரத்துப்போதல், எரிச்சல். கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு ரத்த அணுக்கள் குறைந்தன. லினசோலிட் பாக்டீரியாவின் புரதத் தயாரிப்பை நிறுத்துகிற மருந்து. நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதத் தயாரிப்பும் பாக்டீரியாவினுடையதைப் போலவே இருப்பதால் அதையும் தொட்டுவிடுகிறது. நீண்ட நரம்புகளுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் அது தாங்காது. அடுத்து வந்த ஜீநிக்ஸ் ஆய்வில் அளவைப் பாதியாக, 600 மில்லிகிராமாகக் குறைத்துப் பார்த்தார்கள். 91 சதவீதம் வெற்றி அப்படியே இருந்தது, நரம்புத் தொல்லை குறைந்தது. மருந்தாராய்ச்சியில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குக் கிடைக்கிற கைதட்டல், எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்று கண்டுபிடிப்பதற்குக் கிடைப்பதில்லை. நோயாளியின் பாதத்துக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்கா மூன்றிலும் நடத்திய டிபி-பிராக்டிகல் ஆய்வில் இந்த மூன்றோடு மாக்சிஃபிளாக்சசின் என்ற நான்காவது மருந்தும் சேர்ந்தது. 24 வாரச் சிகிச்சை. பழைய சிகிச்சை பெற்றவர்களில் 48 சதவீதம் பேருக்குப் பலன் சரியில்லை. புதியதில் 11 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் 2021இல் ஆள் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதலை மாற்றியது. 2024 செப்டம்பரில் இந்திய அரசும் இந்த முறைக்கு அனுமதி கொடுத்தது. இந்தியாவிலும் சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று, ஐந்து இடங்களில் பெடாகுவிலினை வேறு மருந்துகளோடு சேர்த்து ஓர் ஆய்வு நடத்தி, 91 சதவீதம் பேருக்கு நல்ல பலன் என்று காட்டியிருந்தது. ஊசி எதிலும் இல்லை.

இந்த மருந்து நம் ஊருக்கு மலிவாக வந்ததில் இரண்டு பெண்களின் பங்கு இருக்கிறது. மும்பையைச் சேர்ந்த பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலே. இருவருமே டிபி சிகிச்சையில் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். பெடாகுவிலினின் மூலக் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜூலையில் முடிய இருந்தது. அதன் ஃபியூமரேட் உப்பு வடிவத்துக்குத் தனியாக ஒரு காப்புரிமை கேட்டு நிறுவனம் விண்ணப்பித்திருந்தது. கிடைத்திருந்தால் தனியுரிமை 2027 வரை நீண்டிருக்கும். ஒரு மூலக்கூறை ஃபியூமரிக் அமிலத்தோடு சேர்த்து உப்பாக்குவது மருந்து வேதியியலில் அன்றாட வேலை, மாத்திரையாக்கச் சௌகரியம். அது புதிய கண்டுபிடிப்பு ஆகாது என்று இவர்கள் எதிர்த்து மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. ஊசியில் காதைக் கொடுத்தவர்கள், அடுத்தவருக்கு ஊசி வேண்டாம் என்று நின்று வாங்கித் தந்த தீர்ப்பு அது. பெரியப்பாவை நினைக்கும்போதெல்லாம் அந்த இருவருக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இனிதான் நான் சொல்ல வந்தது.

பெடாகுவிலினை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று பாருங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் 400 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் மாத்திரை நான்கு. பிறகு வாரத்துக்கு மூன்று நாள், இரண்டிரண்டு மாத்திரை. வாரத்துக்கு மூன்று நாள் போதுமானதாக இருப்பதற்குக் காரணம், இந்த மருந்து கொழுப்பில் கரைந்து உடல் திசுக்களில் தங்கிவிடும். கடைசிக் கட்டத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். தண்ணீரில் கரையாத, கொழுப்பை விரும்புகிற மூலக்கூறு. அதனால் வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குடல் சரியாக உறிஞ்சாது. 558 கலோரியும் 22 கிராம் கொழுப்பும் உள்ள ஒரு சாதாரண உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறும் மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரிட்டோமனிடும் சாப்பாட்டோடுதான் நன்றாக ஏறும். பழைய ரிஃபாம்பிசின் இதற்கு நேர் எதிர். அதை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும்.

558 கலோரி, 22 கிராம் கொழுப்பு என்பது ஆய்வுக்கூடத்தின் பாஷை. எங்கள் பெரியப்பா வீட்டுக் காலைச் சாப்பாடு நீச்சத் தண்ணியும் வெங்காயமும். அதில் கொழுப்பு என்று சொல்ல ஏதும் இல்லை. உலகத்தின் மிக நுட்பமான டிபி மருந்தை அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால், அட்டையில் எழுதியிருக்கும் 400 மில்லிகிராம் ரத்தத்தில் 400 ஆக வேலை செய்யாது. குறைவாக ஏறிய மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடவும் கூடும். பெடாகுவிலினுக்கு அடங்காத கிருமிகள் ஏற்கனவே தென்படத் தொடங்கிவிட்டன. மருந்து உடலில் மாதக்கணக்கில் தங்குவது இங்கே ஒரு பலவீனம்: சிகிச்சையைப் பாதியில் விட்டவரின் உடலில் மற்ற மருந்துகள் வெளியேறிய பிறகு இது மட்டும் தனியாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு இருக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது.

ஆக, உணவைச் சிகிச்சைக்கு வெளியே நிற்கிற கருணைச் செயலாகப் பார்ப்பது வேதியியல்படியே தவறு. ஆனால் அப்படித்தான் அறுபது வருடமாகப் பார்த்துவந்திருக்கிறோம். அந்தப் பார்வைக்கு ஒரு பங்கு காரணம் நம் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு.

1950கள் வரை டிபி என்றால் சானடோரியம். தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியதுபோல, மலையடிவாரக் காற்று, படுக்கை ஓய்வு, பால், முட்டை. எல்லோருக்கும் அப்படிப் படுக்கை கொடுக்க இந்தியாவால் முடியவே முடியாது. வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் என்ன என்ற கேள்விக்கு விடை காண 1956இல் மெட்ராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து நடத்தின. முன்னின்றவர் வாலஸ் ஃபாக்ஸ். மெட்ராஸின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 பேரைச் சீட்டுப் போட்டதுபோல இரண்டாகப் பிரித்து, பாதிப்பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மீதியை வீட்டிலேயே வைத்து, இரு பக்கமும் ஒரே மாத்திரைகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டிலிருப்பவர்கள் மாத்திரையை உண்மையில் சாப்பிடுகிறார்களா என்று தெரிந்துகொள்ளச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள்.

1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, ஓய்வு குறைவு, இருந்த இடம் நெரிசல். ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாக வரவில்லை. உலகமே இந்த முடிவைப் பின்பற்றியது. சானடோரியங்கள் மூடப்பட்டன, டிபி சிகிச்சை வீட்டுக்கு வந்தது. பல லட்சம் உயிர்களைக் காத்த ஆய்வு. நம் ஊரில் நடந்த மருத்துவ ஆராய்ச்சிகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்வது கஷ்டம்.

ஆனால் அந்த முடிவோடு சேர்ந்து இன்னொரு எண்ணமும் பரவியது: மாத்திரை இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை. அந்த ஆய்வு கேட்ட கேள்வி, எங்கே வைத்துச் சிகிச்சை செய்வது என்பது. பட்டினி கிடக்கிறவருக்கு உணவு கொடுத்தால் சாவு குறையுமா என்றோ, அவர் வீட்டுக் குழந்தைக்கு உணவு கொடுத்தால் டிபி வராமல் தடுக்கலாமா என்றோ அது கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அது பதில் சொன்னதாக எடுத்துக்கொண்டதுதான் பிரச்சினை. சானடோரியத்தில் இருந்தவர்கள் வீட்டில் இருந்தவர்களைவிட அதிக எடை கூடினார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. கிருமி போனதா என்று பார்த்தவர்கள் எடையைக் குறித்து வைத்துவிட்டுக் கடந்து போனார்கள்.

அந்தக் கேள்விகளைக் கேட்டது ரேஷன்ஸ் என்ற ஆய்வு. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா இருவரும் சென்னை நிறுவனத்தோடு சேர்ந்து ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடத்தினார்கள். 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டிலிருந்த 10,345 பேர். பெரும்பாலோர் பழங்குடியினர். நோயாளிகளின் சராசரி எடையைக் கேளுங்கள்: ஆண்கள் 42.6 கிலோ, பெண்கள் 36.1 கிலோ. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஊட்டச்சத்துக் குறைவு. நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ பை கொடுத்தார்கள்: அரிசி, பருப்பு வகைகள், பால் பவுடர், எண்ணெய். வீட்டாருக்கு வந்தபோதுதான் பிரித்தார்கள். பாதிப் பகுதிகளில் வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் தினம் 750 கலோரியும் 23 கிராம் புரதமும் கிடைக்கும்படி அரிசியும் பருப்பும், கூடவே வைட்டமின் மாத்திரையும். மீதிப் பகுதிகளில் நோயாளிக்கு மட்டும்.

உணவு பெற்ற வீடுகளில் டிபி வந்தது 39 சதவீதம் குறைந்தது. சோதனையில் கிருமி உறுதியான, அடுத்தவருக்குப் பரவக்கூடிய வகையை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். இவ்வளவு பலனைத் தரும் தடுப்பூசி ஒன்று வந்திருந்தால் முதல் பக்கத்தில் எட்டுப் பத்தித் தலைப்பாக வந்திருக்கும். சுமார் 30 வீடுகளுக்கு உணவு கொடுத்தால் ஒருவருக்கு டிபி வராமல் தடுக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நோயாளிகள் பக்கம்: முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்குச் சாகும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 36 கிலோ பெண்ணுக்கு 5 சதவீதம் என்றால் இரண்டு கிலோகூட இல்லை. இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். நோயாளிகளில் உணவு கொடுக்காத பிரிவு ஒன்று இந்த ஆய்வில் இல்லை. பசித்தவரைப் பசியோடு வைத்து ஒப்பிடுவது அறமில்லை என்பதால் எல்லோருக்கும் கொடுத்தார்கள். அதனால் எடை கூடியதால் பிழைத்தார்களா, பிழைக்கிற உடம்பு என்பதால் எடை கூடியதா என்று முழுதாகப் பிரிக்க முடியாது. வீட்டாரைப் பற்றிய முதல் எண்ணுக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. அது சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிட்டது.

இது ஏன் நடக்கிறது? டிபி கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது வரும். மற்றவர்களில் வெள்ளையணுக்கள் கிருமியைச் சுற்றி வளைத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தக் காவலுக்குப் புரதம் வேண்டும், ஆற்றல் வேண்டும். உடல் கொழுப்பு கரையும்போது அதிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறைகிறது. நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் வேலை செய்ய அது தேவை. எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ ஒரு புள்ளி கூடினால் டிபி வரும் வாய்ப்பு ஏறக்குறைய 14 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2010இலேயே எழுதினார்கள்.

தமிழ்நாட்டில் இதன் மறுபக்கத்தை ஒரு திட்டம் பிடித்திருக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். டிபியால் சாகிறவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் சாகிறார்கள். ஆகவே நோய் உறுதியான உடனே, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, ஊழியர் ஒருவர் சிலவற்றைப் பார்க்கிறார். பிஎம்ஐ 14க்குக் கீழா, காலில் வீக்கம் இருக்கிறதா, நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. எதிலாவது மோசம் என்றால் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ஐந்தேகாலடி உயரமுள்ள ஒருவருக்கு பிஎம்ஐ 14 என்றால் 36 கிலோ. எடை பார்க்கும் மெஷின், உயரம் அளக்கும் டேப், விரல் கருவி, ஒரு கடிகாரம். வேறு எதுவும் வேண்டாம். எக்ஸ்ரேகூட இல்லாமல் யார் சாகும் நிலையில் இருக்கிறார் என்று சொல்ல முடிகிறது என்பதை நான் இந்த ஊரின் பெருமையாக நினைக்கிறேன். வீட்டில் வைத்தே பார்க்கலாம் என்று 1959இல் உலகத்துக்குச் சொன்ன ஊர்தான், சிலரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்றும் இன்று சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

இனி ஆக வேண்டியது என்ன என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. நிக்ஷய் போஷண் என்ற ஒன்றிய அரசின் ஊட்டச்சத்து உதவித் திட்டத்தில் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018இல் ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. நல்லது. அந்தப் பணம் நோயாளியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு தட்டுக்கும் பிரிகிறது, அப்படித்தான் பிரியும். எந்தத் தாயும் தன் தட்டில் மட்டும் பருப்பு போட்டுக்கொள்ள மாட்டாள். வீட்டாருக்கும் உணவுப் பை கொடுக்கலாம் என்று 2024இல் ஒன்றிய அரசு அறிவித்தது, ஆனால் அது நிக்ஷய் மித்ரா என்ற நன்கொடையாளர்களின் மூலமாக. கொடையாளர் கிடைத்த ஊரில் பை வரும், கிடைக்காத ஊரில் வராது. பெடாகுவிலினை நன்கொடையாளர் கிடைத்தால் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்வோமா? 39 சதவீதம் என்ற எண் சீட்டுப் போட்டுப் பிரித்த ஆய்வில் வந்தது. மருந்துக்கு எந்தச் சான்றைக் கேட்கிறோமோ அதே சான்று. அப்படியென்றால் அது மருந்துச் சீட்டிலும் ஏற வேண்டும், மருந்துக்கு ஒதுக்குகிற பட்ஜெட்டிலும் ஏற வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக ஒரு துறையே தேவையில்லை. ரேஷன் கடை ஊருக்கு ஊர் இருக்கிறது, குடும்ப அட்டையில் வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கும் இருக்கிறது. டிபி உறுதியான வீட்டின் அட்டைக்கு ஆறு மாதம் கூடுதலாகப் பருப்பும் எண்ணெயும் என்று ஓர் உத்தரவு போட்டால் அடுத்த மாதமே தொடங்கலாம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது டிபி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது சாப்பாட்டோடு என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ தெளிவாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒருவருக்குச் சொன்னது இப்போதைய மருந்துக்குப் பொருந்தாமல் போகலாம். சிகிச்சை தொடங்கிய நாளின் எடையைக் குறித்துக்கொண்டு, இரண்டாவது மாதம் முடியும்போது மறுபடி பாருங்கள். கூடவில்லை என்றால் சளிப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். எடை ஏன் ஏறவில்லை என்று கேளுங்கள். லினசோலிட் சாப்பிடுகிறவர் பாதம் எரிகிறது என்றால் அன்றைக்கே சொல்லுங்கள். கூட இருக்கிறவர்களுக்கும் பரிசோதனை உண்டு, தடுப்பு மாத்திரையும் உண்டு. அதையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு நாள் மாத்திரை அப்படியே இருந்தால், திட்டுவதற்கு முன்னால் அடுப்படியைப் பாருங்கள்.